அலமாரியைச் சுவரோடு பிணைப்போம்

2025 மார்ச் 28 அன்று மியான்மரை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதற்குக் காரணமான சகாயிங் பிளவு மண்டலேயோடு நின்றுவிடுவதில்லை. பெகு வழியாகத் தெற்கே கடல்வரை நீள்கிறது. 1930 மே 5இல் அதன் தென்பகுதி அசைந்தபோது பெகுவில் சுமார் 500 பேரும் ரங்கூனில் சுமார் 50 பேரும் மாண்டனர். ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், மண்பாண்டங்களுக்குப் பேர்போன த்வாண்டேயும் இதே வட்டாரம்தான்.

அங்குள்ள நம் உறவுகள் எல்லோராலும் வீட்டை இடித்துக் கட்ட முடியாது. ஆனால், உள்ளே இருக்கும் பொருள் மேலே விழாமல் தடுக்க ஒரு பிற்பகல் போதும்.

எவ்வளவு விசையில் சாயும்?

நான் பொறியாளன் அல்லன், கணக்கன். கணக்கு எளிது. 180 செ.மீ. உயரமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரி, தன் எடையில் கால்பங்கு பக்கவிசை வந்தாலே சாயத் தொடங்கும். துணிமணியோடு 80 கிலோ என்றால் 20 கிலோ தள்ளல் போதும். குட்டையான, அகலமான பொருள் அவ்வளவு எளிதில் சாயாது.

சுவரை அறியுங்கள்

துளையிடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூளும் கடினமும் என்றால் காங்கிரீட். துளைமுனை திடீரென உள்ளே போனால் உள்ளீடற்ற கல். அங்கே சாதாரண பிளக் பிடிக்காது; பின்னால் விரியும் வகை வேண்டும். மூங்கில் தட்டிச் சுவரானால் மரத்தூணில்தான் பிணைக்க வேண்டும். விரியும் இரும்பு ஆங்கர் போல்ட் காங்கிரீட்டுக்கு உரியது, செங்கலைப் பிளந்துவிடும்.

செங்கல் சுவரில் செய்முறை

1. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், மின்கம்பி ஓடும்.
2. சுவர் ஓரத்திலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி, கலவை இணைப்பில் அல்லாமல் கல்லிலேயே துளையிடுங்கள்.
3. 8 மி.மீ. துளை, 70 மி.மீ. ஆழம். 40 மி.மீ. நீள பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும். பூச்சு மட்டும் தாங்கினால் பெயர்ந்து வரும்.
4. தூளை ஊதி வெளியேற்றுங்கள். தூள் இருந்தால் பிளக் வழுக்கும்.
5. அலமாரியின் உச்சியில், இரு பக்கமும், எல் வடிவ இரும்புத் துண்டு வைத்து 60 மி.மீ. திருகாணியால் முடுக்குங்கள். மர அலமாரியில் மெல்லிய பின்பலகையில் அல்ல, சட்டத்தில் திருகுங்கள்.

முதலில் எவை?

படுக்கைக்கு அருகிலுள்ள அலமாரி, தலைமாட்டுக்கு மேலே மாட்டிய கனமான சாமிப்படம், கதவை மறிக்கக்கூடிய பொருள், சமையல் வாயு உருளை (இதற்குச் சங்கிலி). தண்ணீர் ஜாடிகளைத் தட்டிலிருந்து தரைக்கு இறக்கிவிடுங்கள்.

நிலநடுக்கம் அரிதான நாட்டில் இருக்கும் நமக்கும் இது பொருந்தும். குழந்தை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அலமாரி கவிழும். வாடகை வீடானால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள். பழைய கட்டடமானால் சுவரில் கல்நார் உண்டா என்பதையும் விசாரியுங்கள். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

அடுத்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும்போது, திருகாணிக்கும் பிளக்குக்கும் துளையிடும் ஆளின் கூலிக்கும் சேர்த்து அனுப்புங்கள். எதற்கென்று தொலைபேசியில் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.