ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது 1961 ஆம் ஆண்டு முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட மகிழுந்து ஆகும். பிரித்தானியாவில் 1959 இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவி, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதனைத் தயாரித்தது. இதன் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி.

அமைப்பு

தனிச் சட்டகத்தின் மீது உடற்பகுதிகள் மரையாணிகளால் பூட்டப்பட்டிருந்தன. இதனால் வண்டியைப் பாகங்களாக அனுப்பி வெளிநாடுகளில் பொருத்துவது எளிதாயிற்று. பிரித்தானிய வண்டிகளுக்குப் பக்கவாட்டில் இரு கதவுகளே இருந்தன; நான்கு கதவுகள் கொண்ட வடிவம் இந்தியாவில் மட்டுமே உருவானது.

பிற்காலம்

1972 இல் இதன் வழிவந்த ஸ்டாண்டர்ட் கெஸல் வெளிவந்தது. அதன் தயாரிப்பு 1977 இல் நின்றது. மரையாணிப் பூட்டு, பழுதடைந்த பகுதியை மட்டும் கழற்றி மாற்றப் பழைய வண்டிகளைப் பேணுவோருக்கு உதவுகிறது. எனினும், நான்கு கதவு வண்டியின் பின்கதவுகள் பிரித்தானியாவில் கிடைப்பதற்கில்லை. கைவிடப்பட்ட இந்திய வண்டி ஒவ்வொன்றும் உடைத்து அழிக்கப்படும்போது, எஞ்சியவற்றைப் பாதுகாக்கும் வாய்ப்பும் குறைகிறது.