கியோஷி குரோசாவா

கியோஷி குரோசாவா (பிறப்பு: 19 ஜூலை 1955, கோபே) ஜப்பானியத் திரைப்பட இயக்குநர். பேய்ப்பட இயக்குநராக உலகம் இவரை அறிந்தாலும் குற்றக் கதை, குடும்பக் கதை, அறிவியல் புனைவு எனப் பல வகைகளிலும் படமெடுத்திருக்கிறார். புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கும் இவருக்கும் உறவு ஏதும் இல்லை.

டோக்கியோவின் ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது விமர்சகர் ஷிகெஹிகோ ஹசுமியின் சினிமா வகுப்புகள் இவரை ஆழமாகப் பாதித்தன. 8 மி.மீ. கேமராவில் சிறு படங்கள் எடுத்துப் பழகிய பிறகு, 1983இல் 'பிங்க் படம்' எனப்படும் குறைந்த செலவுப் பாலுணர்வுப் படமொன்றை இயக்கி முழுநீளப் படத்துக்குள் நுழைந்தார். அன்றைய இளம் இயக்குநர்கள் பலருக்கும் திறந்திருந்த வாசல் அது. அடுத்து எடுத்த படத்தை நிக்காட்சு திரைப்பட நிறுவனம் ஏற்க மறுத்தது. மாற்றியமைக்கப்பட்ட அந்தப் படம் 1985இல் வேறு பெயரில் திரைக்கு வந்தது.

1989இல் வெளியான 'ஸ்வீட் ஹோம்' இவருடைய முதல் பெரிய பேய்ப்படம். இயக்குநர் ஜூசோ இதாமி தயாரித்தார். பாழடைந்த மாளிகைக்குள் ஒரு தொலைக்காட்சிக் குழு மாட்டிக்கொள்ளும் கதை. படத்தை ஒட்டி அதே ஆண்டில் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட வீடியோ விளையாட்டுதான் பின்னாளில் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டு பிறக்க வித்திட்டது. குரோசாவாவுக்கோ படத்தால் கிடைத்தது மனக்கசப்புதான். இதாமியுடன் ஏற்பட்ட தகராறு நீதிமன்றம் வரை போனது.

பெரிய வாய்ப்புகள் குறைந்த அந்த ஆண்டுகளில் நேரடி வீடியோ சந்தை இவருக்குச் சோறு போட்டது. சில வாரங்களில் எடுத்து முடிக்க வேண்டிய யாக்குசா (ஜப்பானியக் குற்றக் கும்பல்) படங்களை அடுத்தடுத்து இயக்கினார். செலவைக் குறைக்க ஒரே ஷாட்டில் நீளமாகவும் தள்ளி நின்றும் எடுக்கும் பழக்கம் அங்கேதான் கூர்மையடைந்தது என்று சொல்லலாம். இடையில் 'கரிஸ்மா' என்ற திரைக்கதைக்காக சண்டான்ஸ் நிறுவனத்தின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றும் வந்தார். அந்தத் திரைக்கதை 1999இல்தான் படமானது.

திருப்புமுனை 1997இல் வந்த 'கியூர்'. டோக்கியோவில் கொலைகள் தொடர்கின்றன. பிணங்களின் கழுத்தில் பெருக்கல் குறிபோல் ஒரே மாதிரியான வெட்டு. ஆனால் ஒவ்வொரு கொலையையும் செய்தவர் வேறு வேறு ஆள்: ஆசிரியர், போலீஸ்காரர், மருத்துவர். எவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. நினைவு தப்பியவன்போல் அலையும் மாமியா என்ற இளைஞன் அவர்களோடு பேசியிருக்கிறான், அவ்வளவுதான். படத்துக்கு முதலில் மதப் பிரசாரகரைக் குறிக்கும் பெயர் வைக்கப்பட்டிருந்தது. 1995இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பினர் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய நினைவு ஆறாதிருந்ததால் அது மாற்றப்பட்டது.

இவருடைய கலை எத்தகையது என்பதற்கு அந்தப் படத்தின் ஒரு காட்சியே போதும். பட்டப்பகலில் காவல் சாவடி வாசலில் ஒரு போலீஸ்காரர் சக ஊழியரைப் பின்னாலிருந்து சுடுகிறார். கேமரா தள்ளியே நிற்கிறது. குளோசப் இல்லை, இசை இல்லை. கோப்பு எடுத்து வைப்பதுபோல் அவர் உடலை உள்ளே இழுத்துச் செல்கிறார். பார்ப்பவர் முன்கூட்டியே பதற வழியில்லை. நடந்து முடிந்த பிறகுதான் உடம்பு நடுங்குகிறது. படத்தில் துப்பறிவாளர் தக்காபேயாக நடித்த கோஜி யாகுஷோ டோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

மறு ஆண்டு ஹிதேயோ நகாதாவின் 'ரிங்' பெருவெற்றி பெற்றதும் ஜப்பானியப் பேய்ப்படங்களை உலகம் தேடத் தொடங்கியது. அந்த அலையில் எழுந்த 'ஜு-ஆன்' படங்களின் இயக்குநர் தகாஷி ஷிமிசு, குரோசாவாவிடம் பாடம் கேட்ட மாணவர்.

குரோசாவாவின் 'கைரோ' 2001இல் வெளிவந்தது. டயல்-அப் இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். மறுவுலகில் இடமில்லாமல்போன ஆவிகள் கணினித் திரை வழியாகக் கசிகின்றன. அவற்றைக் கண்டவர்கள் வாழும் ஆசையிழந்து சுவரில் கரிய கறையாக எஞ்சுகிறார்கள். இங்கே பேய் பாய்வதில்லை. ஒரு பெண்ணாவி மெல்ல நடந்து வருகிறது, நடுவில் கால் தடுமாறி மீண்டும் நிமிர்கிறது. பேய்ப்பட வரலாற்றிலேயே இத்தனை எளிமையாக இத்தனை அச்சம் தந்த நடை அரிது. கான் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர்கள் கூட்டமைப்பின் பரிசை வென்ற இந்தப் படத்தை 2006இல் ஹாலிவுட் 'பல்ஸ்' என்ற பெயரில் மறுஆக்கம் செய்தது. அதில் இந்த நிதானம் தொலைந்துபோனது.

பின்னர் குரோசாவா பேயை விட்டும் நகர்ந்தார். வேலை போனதை மறைத்துத் தினமும் கோட்டு அணிந்து வீட்டை விட்டுக் கிளம்பும் தந்தையின் கதையான 'டோக்கியோ சொனாட்டா' (2008) கான் விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் நடுவர் பரிசு பெற்றது. இறந்த கணவன் வீடு திரும்பி மனைவியுடன் பயணம் போகும் 'ஜர்னி டு த ஷோர்' (2015) அதே பிரிவில் சிறந்த இயக்குநர் விருதைத் தந்தது. இதில் ஆவி வீட்டு மனிதராகவே சாப்பிடுகிறது, தூங்குகிறது.

போர்க்காலக் கோபேயில் நடக்கும் 'வைஃப் ஆஃப் எ ஸ்பை' (2020) வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்க விருதை வென்றது. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இவரிடம் படித்த ரியூசுகே ஹமாகுச்சி அதன் திரைக்கதையாசிரியர்களில் ஒருவர்.

2024இல் மட்டும் இவருடைய மூன்று படங்கள் வெளிவந்தன: முக்கால் மணி நேரப் படமான 'சைம்', 1998இல் எடுத்த தன் படத்தையே பிரெஞ்சு மொழியில் மீண்டும் எடுத்த 'செர்பன்ட்ஸ் பாத்', 'கிளவுட்'. மூன்றாவதில் இணையத்தில் பொருள்களை வாங்கி அதிக விலைக்கு விற்கும் இளைஞனை, அவனால் ஏமாந்தவர்கள் ஒன்றுசேர்ந்து துப்பாக்கியோடு துரத்துகிறார்கள். அவர்களில் எவரும் ஆவியல்ல. ஆஸ்கர் போட்டிக்கு ஜப்பான் அந்த ஆண்டு அனுப்பியது இந்தப் படத்தைத்தான்.