தரையமர்தலும் டிரெய்லர் இறக்கமும்

கடல் வற்றும்போது சிறு பாய்மரப் படகு நீரடித் தரையில் ஊன்றி நிற்பது தரையமர்தல் எனவும், டிரெய்லர் என்னும் இழுவண்டியில் ஏற்றிச் சாய்தளம் வழியாக அதை நீரில் விடுவது டிரெய்லர் இறக்கம் எனவும் வழங்கும். உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டருக்கும் மேல் மாறக்கூடிய, பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாய்க் கரைகளில், நாளுக்கு இருமுறை வற்றும் துறைகள் பல இருப்பதால், இவ்விரு முறைகளும் அங்கு இன்றியமையாதவை.

ஏரா எனப்படும் அடிக்கட்டை ஒன்றே ஆழமாக நீண்டிருக்கும் படகு முட்டுக்கொடுக்காவிடில் சாய்ந்துவிடும். இரட்டை ஏராப் படகு நிமிர்ந்து நிற்கும். 1979இல் ராஜர் டாங்ரே வடிவமைத்த, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள கார்னிஷ் ஷிரிம்பர் போன்ற படகுகளில், ஏராவின் ஊடே இறங்கும் நடுத்தகட்டை மேலே இழுத்துக்கொள்ளலாம் என்பதால் அவை அரை மீட்டர் ஆழத்திலேயே மிதப்பதோடு, டிரெய்லரிலும் எளிதில் ஏறும். கூழாங்கல் தரையில் அமரும் படகில், நடுத்தகடு ஏறியிறங்கும் தகட்டறையில் கற்கள் புகுந்து தகடு சிக்கிக்கொள்வதுண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பேரோதத்தின் உச்சத்தில் தரைதட்டிய படகு, அடுத்தடுத்த ஓதங்கள் தாழ்ந்துவருவதால், ஏறத்தாழ இரு வாரம் மிதக்காமலே கிடக்க நேரிடலாம்.

டிரெய்லர் இறக்கத்தில், பாய்மரத்தை நிமிர்த்துமுன் மேலே மின்கம்பிகள் இல்லை என்பதையும், வடிகால் அடைப்பான் இறுகியுள்ளதையும் உறுதிசெய்தல் வேண்டும். ஓட்டத்தில் சூடான சக்கரத் தாங்குருளைகள் திடீரெனக் குளிர்ந்தால் உப்புநீரை உள்ளிழுக்கும். ஆகவே, அவை ஆறியபின் இறக்குவதும், பின்னர் நன்னீரால் கழுவுவதும் டிரெய்லரின் ஆயுளைக் காக்கும்.