ஒரே பேரு எதுக்கு சார்?

1983-இல் குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதம் லுங்கி வியாபாரி ஒருவர் என் மேஜையில் செக்கை வைத்தார். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டவர் நகராமல் நின்றார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் இருந்ததும் அவர் கடைச் சரக்குதான், கருநீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது.

"சார், நாங்க நெய்யறதும் செக்கு. நீங்க பணமா மாத்தித் தர்றதும் செக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரு எதுக்கு சார்?"

எனக்குத் தெரியவில்லை. "இங்கிலீஷ்காரன் வச்ச பேருங்கய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நியாயமாகக் கேட்ட மனிதருக்கு அப்படி ஒரு பதிலைச் சொன்னது பல நாள் உறுத்தியது. நாள் முழுக்க என் கையில் புழங்கிய சொல் அது. வவுச்சரைச் செக் பண்ணு, செக்கைப் பாஸ் பண்ணு, செக் ரிட்டர்ன். சாயங்காலம் பேப்பரைப் பிரித்தால் யாரோ ஒரு அரசியல்வாதி இன்னொருவருக்குச் செக் வைத்திருப்பார். ஊர் எல்லையில் செக்போஸ்ட். ரயிலில் டிக்கெட் செக்கர். இத்தனைக்கும் எப்படி ஒரே சொல்?

சென்னைக்குப் பயிற்சிக்குப் போன சமயத்தில் கன்னிமாரா நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். தடை, சோதனை, கட்டம், காசோலை என்று பொருள்கள் வரிசையாக இருந்தன. அடியில் வேரைத் தேடினால் ஒரு ராஜா நின்றார். பாரசீகத்து ஷா.

நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் போய்ச் சத்ரங் ஆயிற்று, அரபு நாடுகளில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது அங்கே "ஷா" என்று குரல் கொடுப்பார்கள். உன் ராஜாவுக்கு ஆபத்து, பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஷா மாத் என்றால் ராஜா வேறு வழியில்லாமல் நிற்கிறார். செக்மேட் அதுதான். அரபுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஷா, லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி, ஆங்கிலத்தில் செக் ஆனார். செஸ் என்ற பெயரும் அதே வழியில் வந்ததுதான். ராஜாவைக் குறித்த சொல் எச்சரிக்கையாகி, எச்சரிக்கை தடையாகி, தடை கட்டுப்பாடாகி, கணக்கைக் கட்டுக்குள் வைக்கும் சரிபார்ப்பாகவும் ஆயிற்று. ஆட்டத்துப் பலகையின் கட்டங்கள் தனி வழியே துணிக்குப் போயின. கட்டம் போட்ட துணி ஆங்கிலேயருக்குச் செக் ஆனது அப்படித்தான்.

பணத்துக்குப் போன வழிதான் என்னை அசத்தியது. அதை அந்தப் பெரியவரிடம் சொல்ல எட்டு வருடம் கழித்து வாய்த்தது. 1991-இல் பதவி உயர்வோடு அதே ஊருக்கு மாற்றலாகி வந்தேன். கடையில் அவர் இருந்தார். ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆகி மூன்று வருடம் ஆகியிருந்த சமயம், ஊர் ஊராகப் பிள்ளைகள் செஸ் போர்டோடு திரிவார்கள். அவர் பேரனும் ஒரு கூட்டாளியும் கடைப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ராஜா கதையை அந்தப் போர்டை வைத்தே சொல்லி முடித்தேன். பிறகு ஒரு லுங்கியைக் கேட்டு வாங்கி விரித்தேன்.

"ஐயா, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துல ராஜாவோட கஜானா இந்தத் துணி மேலதான் நடந்தது."

பத்தடி நீளம், ஐந்தடி அகலம் கொண்ட மேஜை. காசு உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி, ஈஸ்டர் தோறும் புதிதாக வாங்குவார்கள். கஜானா அதிகாரியாக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170-களில் எழுதத் தொடங்கிய நூலில் இவ்வளவையும் விவரித்திருக்கிறார். செஸ் பலகையைப் போல இருந்ததால் அந்த மேஜைக்கு லத்தீனில் ஸ்காக்காரியம் என்று பெயர். ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் பதவிப் பெயரில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது.

ஒவ்வொரு வட்டாரத்திலும் ராஜாவுக்காக வசூல் செய்த ஷெரீப் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். பலருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ரோம எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது சிரமம். அதனால் துணி. லுங்கியின் வலது ஓரத்திலிருந்து விரல் வைத்துக் காட்டினேன். இது பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம். என் பையிலிருந்த ஒரு ரூபாய்க் காசுகளை வைத்தேன். கட்ட வேண்டியது 243 பவுண்டு. மேல் வரிசையில் நூறில் இரண்டு, இருபதில் இரண்டு, பவுண்டில் மூன்று. கொண்டுவந்தது 123. அதைக் கீழ் வரிசையில் வைத்தேன். மேலும் கீழும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். நான் முடிப்பதற்குள் பெரியவர் சொன்னார், "நூத்தி இருபது பாக்கி."

அதுதான் அந்தத் துணியின் அருமை. அதிகாரி வைக்கும் காசை ஷெரீபும் பார்க்கிறார். மறைக்க இடமில்லை, வாதாடவும் இடமில்லை. கணக்குப் பார்ப்பது என்கிறோமே, அங்கே நிஜமாகவே எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள்.

பெரியவர் எழுந்துபோய் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். "நாங்களும் மறைக்கிறதில்ல சார். ஆளுக்கு ஒரு சீட்டு, நமக்கு அடிக்கட்டை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. எக்ஸ்செக்கரில் பணம் கட்டியவருக்கு ரசீது உண்மையிலேயே ஒரு மரக்கட்டை. ஹேசல் மரக் குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பருத்த பார்லி மணி அளவு. பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பெரிய துண்டு கட்டியவருக்கு, அதன் பெயர் ஸ்டாக். சின்னது கஜானாவுக்கு, அதன் பெயர் ஃபாயில். சந்தேகம் வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவன் திருட்டுத்தனமாக ஒரு வெட்டுச் சேர்த்தால் மற்றதில் அது இருக்காது. 1826 வரை இந்தக் குச்சிகள் வழக்கில் இருந்தன. மிஞ்சிய மூட்டைகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரித்தபோது நாடாளுமன்றக் கட்டடமே பற்றிக்கொண்டது.

நாம் கவுண்டர் ஃபாயில் என்பதில் இருப்பது அந்த ஃபாயில்தான். 1700-களில் ஆங்கிலேயர் செக் என்று சொன்னதும் முதலில் அந்த அடிக்கட்டையைத்தான். மோசடியைத் தடுக்க அது காவல் என்பதால் அந்தப் பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே பெயர் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்து இங்கிலாந்தில் ஸ்பெல்லிங்கை மாற்றிக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் மாற்றவில்லை.

ஃபாயில் என்றால் இலை. நாம் செக் லீஃப் என்கிறோம். தமிழில் காசோலை. இலை, லீஃப், ஓலை. காசோலை என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. ஓலையைச் சரிபார்ப்பது நமக்கு வெள்ளைக்காரன் வந்து கற்றுக்கொடுத்ததா என்ன? சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவராக வந்த சிவபெருமான் அடிமை ஓலை காட்ட, சுந்தரர் அதைக் கிழித்துப் போட்டார். கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையைக் கொடுத்தார். சபையார் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்து ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். மாதிரிக் கையெழுத்து அட்டையைச் செக்கோடு வைத்துத் தினம் நான் செய்த வேலை அது. சேக்கிழார் அதைப் பாடியது 12-ஆம் நூற்றாண்டில், ஃபிட்ஸ்நீல் எழுதியதும் அதே நூற்றாண்டில். பெரியபுராணத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் தடுத்தாட்கொண்ட புராணம்.

இதையும் சொன்னேன். சுந்தரர் பெயர் வந்ததும் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பலகையில் பேரன் "செக்" என்றான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அப்படிச் சத்தம் குடுத்த பிறகு அந்த ராஜாவுக்கு வழி உண்டா சார்?"

"உண்டுங்கய்யா. நகர்ந்துக்கலாம், குறுக்க ஒரு காயை வைக்கலாம், தாக்குற காயையே வெட்டலாம். அதுக்குத்தான் சத்தம்."

தலையாட்டினார். துணி மேல் கிடந்த காசுகளைப் பொறுக்கி, எண்ணி, என் கையில் கொடுத்தார். லுங்கியைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கில் வைத்தார்.