மீசைக்காரத் தாய்

அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படா என்று நம் முன்னோர் கூறிவந்தனர். மீசையைப் பற்றி நமக்கு வழக்கில்லை; பிள்ளையைப் பற்றிய பகுதி ஆராயத்தக்கது. குழந்தையைக் கண்டித்து வளர்ப்பதா, கொஞ்சி வளர்ப்பதா என்ற வினா எல்லா இல்லங்களிலும் எழுவதே. எனினும், ஊரை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு அது சற்றுக் கூர்மையான வினா. ஊரிலே தந்தை சினந்தால் பாட்டியின் மடி உண்டு. தாய் சலித்தால் அத்தையின் இடுப்பு உண்டு. இங்கேயோ கண்டிப்பவரும் தேற்றுபவரும் அதே இருவர். இவ்விரு கடமைகளையும் ஒருவரே ஆற்றுவது எங்ஙனம்? இருபதாம் நூற்றாண்டின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குணம் என்பது பழக்கத்தால் உருவாவது என்பது அவர் கொள்கை. தாயன்பு மிகுந்தால் குழந்தை தன் காலில் நிற்கக் கல்லாது என அவர் அஞ்சினார். மடியில் அமர்த்தலாகாது, அணைத்து முத்தமிடலாகாது, தவிர்க்க இயலாவிடில், உறங்கச் செல்லுமுன் நெற்றியில் ஒருமுறை முத்தமிடலாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று அறிவுரை வழங்கினார். பின்னர் 1936-இல், அந்நூலை எழுதப் போதிய அறிவு தமக்கு இருக்கவில்லை என அவரே வருந்தி ஒப்புக்கொண்டார்.

அதே காலத்தில் குஜராத்தின் பாவ்நகரில் வேறொரு குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. கிஜுபாய் பதேகா (1885–1939) தொழிலால் வழக்கறிஞர். 1913-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை எவ்வாறு வளர்ப்பது என்ற கவலை அவரை நூல்களை நாடச் செய்தது. இத்தாலிய அறிஞர் மரியா மாண்டிசோரியின் கருத்துகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வழக்காடுவதை விடுத்து, 1916-இல் தக்ஷிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே சிறு குழந்தைகளுக்கெனப் பால மந்திரைத் தொடங்கினார்.

பிரம்புக்கு அங்கே இடமில்லை. பரிசு காட்டி ஆசையூட்டுவதையும் அவர் ஏற்கவில்லை. அச்சம், ஆசை ஆகிய இரண்டுமே குழந்தையைப் பிறர் முகம் பார்த்து நடக்கச் செய்வன அன்றோ? கதையும் பாட்டும் நாடகமும் பாடங்களாயின. அதனால் அது கட்டவிழ்ந்த இடம் என எண்ணலாகாது. மாண்டிசோரி முறையில் உரிமைக்கு எல்லை உண்டு: எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்; பிறர் வேலையைக் கெடுத்தலாகாது. பெற்றோர்க்காகவும் அவர் குஜராத்தியில் நிறைய எழுதினார். பெற்றோர் ஆவது கடினம் என்பதே அவற்றுள் ஒரு நூலின் பெயர். மக்கள் அவரை அன்போடு 'மீசைக்காரத் தாய்' என்று அழைத்தனர். பழமொழியின் மீசை இருந்தது. அடி மட்டும் இல்லை!

அன்பைப் பற்றிய ஐயம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிதும் நீங்கியது. வீடிழந்த குழந்தைகளின் மனநிலை பற்றி உலக சுகாதார நிறுவனத்திற்காக ஆங்கிலேய மருத்துவர் ஜான் போல்பி 1951-இல் ஓர் அறிக்கை அளித்தார். உணவும் உறைவிடமும் கிடைத்தாலும், தாயிடமோ தாயின் இடத்தில் நிற்பவரிடமோ நிலையான பாசம் பெறாத குழந்தையின் மனவளர்ச்சி குன்றும் என்று அவர் எடுத்துரைத்தார்.

அன்போடு கண்டிப்பும் வேண்டுமா? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் டயானா பாம்ரிண்ட் அம்மையார் 1966, 1967 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதனை விளக்கின. விளையாட்டை விட்டு வர மறுக்கும் சிறுவனைக் கருதுவோம். 'சொன்னால் வா' என்று இழுத்துச் செல்பவர் ஒருவகை. 'உன் விருப்பம்' என்று விட்டுவிடுபவர் இன்னொரு வகை. காரணம் கூறி, அவன் சொல்வதையும் கேட்டு, குறித்த நேரத்தில் தவறாது அழைத்து வருபவர் மூன்றாம் வகை. முதல் வகையினரின் குழந்தைகளிடம் மனநிறைவின்மையும் ஒதுங்கும் இயல்பும் மிகுந்திருந்தன. இரண்டாம் வகையினரின் குழந்தைகளிடம் தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் குறைந்திருந்தன. மூன்றாம் வகையினரின் குழந்தைகளே தம்மைத் தாமே ஆளவும் பிறரோடு இசைந்து பழகவும் கற்றிருந்தனர். அன்பும் இல்லை, கண்டிப்பும் இல்லை என்ற நான்காம் வகையை மக்கோபி, மார்ட்டின் ஆகிய இருவர் 1983-இல் சேர்த்தனர்.

இப்பாகுபாடு எல்லாச் சமூகங்களுக்கும் அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பது அக்கறையோடு பயிற்றுவிப்பதாகவும் அமைகிறது என்று ரூத் சாவோ 1994-இல் சுட்டிக்காட்டினார். குழந்தையின் பிறவி இயல்புக்கும் பங்கு உண்டு.

பாவ்நகரில் ஒரு தனிமனிதர் தவிர்த்த பிரம்பை, நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் தடை செய்தது. வீட்டிலோ அம்முடிவு பெரும்பாலும் பெற்றோர் கையில் உள்ளது. வீட்டில் தமிழும் வெளியில் வேறொரு மொழியுமாக வளரும் நம் குழந்தை, பள்ளியில் தன் உச்சரிப்பைப் பிறர் நகைத்தால் யாரிடம் சொல்லும்? அஞ்சும் குழந்தை சொல்லாது. சொன்னாலும் கேட்பார் இல்லாத குழந்தை, நாளடைவில் சொல்வதை நிறுத்திவிடும். மாலையில் அரைமணி நேரம் அதன் பேச்சுக்குச் செவி கொடுப்போம்; வகுத்த ஒழுங்கையும் காரணம் கூறிக் காப்போம். உடன் இல்லாத பாட்டியின் மடியும் தந்தையின் சொல்லும் அப்போது ஓரிடத்திலேயே குழந்தைக்குக் கிட்டும்.