ஊரே விரும்பிய குட்டி கார், கணக்கில் உதைத்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு சிவப்பு கார் நின்றிருந்தது. வெள்ளைக் கூரை, முழித்துப் பார்க்கிற மாதிரி இரண்டு உருண்டை விளக்குகள். பி பிளாக் பிள்ளைகள் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, இது மிஸ்டர் பீன் காரா?" என்று ஒரு பையன் கேட்டான். "இது பேரன்டா. மிஸ்டர் பீன் ஓட்டினது இதோட தாத்தா" என்றேன். அவன் விடவில்லை. தாத்தா கதையைச் சொல்லச் சொன்னான். அன்று நின்றபடி பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு என்ஜின் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் பார்த்து ஓய்வு பெற்றவன். மினி காரின் வரலாற்றில் என்னை இழுத்ததும் அதன் கணக்குப் பக்கம்தான்.

சூயஸ் கால்வாயில் தொடங்கியது

1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. அந்த வழியாக வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. பிரிட்டனில் அந்த டிசம்பர் முதல் 1957 மே வரை பெட்ரோலுக்கு ரேஷன்.

கார் வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அப்போது ஜெர்மனியிலிருந்து வந்த 'பபிள் கார்'கள் வேகமாக விற்றன. முட்டை போன்ற உருவம், மோட்டார் சைக்கிள் அளவு என்ஜின். சிலவற்றில் கதவே முன்பக்கம்தான். பெட்ரோல் மிச்சம், ஆனால் ஒரு குடும்பம் உட்கார முடியாது.

பிரிட்டனின் மிகப் பெரிய கார் கம்பெனியாக அப்போது இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.எம்.சி. ஆஸ்டின், மோரிஸ் என்ற இரண்டு பழைய போட்டியாளர்கள் 1952-இல் இணைந்து உண்டானது. நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இந்த மோரிஸின் கார்தான். பி.எம்.சி.யின் தலைவர் லெனர்ட் லார்டுக்கு இந்த முட்டை வண்டிகளைக் கண்டாலே ஆகாது. தன் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, நான்கு பேர் உட்காரும் முறையான சின்ன காரை உடனே செய் என்றார். ஒரே நிபந்தனை: என்ஜின், கம்பெனி ஏற்கெனவே தயாரிக்கும் என்ஜினாக இருக்க வேண்டும்.

கணக்கில் மூன்று முறை தோற்றவர்

அந்த வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ். 1906-இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜெர்மானியர். 1922-இல் போரினால் ஊரைவிட்டு மால்டாவுக்குப் போனார்கள். தந்தை அங்கே இறந்துவிட, தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். லண்டன் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் படித்தபோது கணிதத்தில் மூன்று முறை ஃபெயில். ஆனால் படம் வரைவதில் கை தேர்ந்தவர். 1948-இல் வந்து பெயர் வாங்கிய மோரிஸ் மைனர் இவர் வடிவமைத்ததே. பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலில் 10 லட்சம் எண்ணிக்கையைத் தொட்டது அதுதான்.

புதிய காரை ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு வேகமாக முடித்தார். 1957 முடிவதற்குள் சோதனை வண்டிகள் ஓடின. 1958 ஜூலையில் லார்டு ஒன்றை எடுத்துத் தொழிற்சாலையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். சில நிமிடங்களில் திரும்பி வந்து, தயாரிப்பைத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

பத்தடிக்குள் நான்கு பேர்

காரின் மொத்த நீளம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். நம் மாருதி 800-ஐவிட ஓரடி குறைவு. அந்தப் பத்தடியில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆட்களுக்கும் பெட்டிக்கும் கிடைத்தது. எப்படி?

அம்பாசடரை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு காருக்கு அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். இத்தனைக்கும் இடம் வேண்டும். இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை என்ஜினுக்குக் கீழே, ஆயில் தங்கும் தொட்டிக்குள்ளேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயில் போதும் என்று செய்தார். முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின்னால் போகும் தண்டு தேவையில்லாமல் போனது.

சக்கரம் வெறும் 10 அங்குலம். அதற்கென்றே டன்லப் கம்பெனி டயர் செய்தது. எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அவர் நண்பர் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகள். ஜன்னல் கண்ணாடி பக்கவாட்டில் நகரும் வகை. அதனால் கதவுக்குள் இயந்திரம் எதுவும் வேண்டாம். அந்தக் குழியும் சாமான் வைக்க உதவியது. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடிகூட இல்லை, இழுப்பதற்கு ஒரு கயிறுதான். முதலில் 948 சி.சி. என்ஜின் போட்டுப் பார்த்தார்கள். மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டியது. இவ்வளவு வேகம் ஆபத்து என்று 848 சி.சி.க்குக் குறைத்தார்கள்.

சொகுசில் இசிகோனிஸுக்கு நம்பிக்கை கிடையாது. ரொம்பவும் வசதியாக உட்கார்ந்தால் டிரைவர் அசந்துவிடுவார் என்பது அவர் எண்ணம். காரில் ரேடியோ வைப்பதும் அவருக்குப் பிடிக்காது.

தண்ணீர் புகுந்த கார்

1959 ஆகஸ்ட் 26 அன்று கார் வெளிவந்தது. ஒரே காருக்கு இரண்டு பெயர்: ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி-மைனர். இணைந்து ஏழு ஆண்டு ஆகியும் இரண்டு கம்பெனி டீலர்களும் தனித்தனியாகவே இருந்ததால் இந்த ஏற்பாடு. விலை வரியோடு சேர்த்து 497 பவுண்டு.

ஆரம்பம் சரியில்லை. தரைத் தகடுகளின் இணைப்பு தவறான திசையில் அமைந்திருந்ததால் மழையில் உள்ளே தண்ணீர் புகுந்தது, மிதியடி நனைந்தது. என்ஜின் குறுக்கே இருந்ததால் மின்பொறி தரும் பாகம் முன்பக்க வலைக்கு நேராக வந்து, அதுவும் மழையில் நனைந்து வண்டி நின்றது. குறைந்த வருமானக்காரர்களுக்கென்று செய்த காரை அவர்கள் வாங்கத் தயங்கினார்கள்.

மாறாக, வசதியானவர்கள் வாங்கினார்கள். லண்டன் நெரிசலில் புகுந்து புறப்பட இது தோதாக இருந்தது. பீட்டில்ஸ் பாடகர்கள் நால்வரிடமும் மினி இருந்தது. நடிகர் பீட்டர் செல்லர்ஸும் வாங்கினார். குட்டைப் பாவாடையைப் பரப்பிய உடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட், அதற்கு மினி என்று பெயர் வைத்தது இந்தக் காரை நினைத்துத்தான். கோடீஸ்வரரும் பள்ளி ஆசிரியரும் ஒரே காரில் சிக்னலில் அடுத்தடுத்து நின்றார்கள். அந்தஸ்து பார்க்கும் அந்த நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல.

பந்தயக் கார் செய்பவரான ஜான் கூப்பர், இதன் என்ஜினைக் கூர்தீட்டி 1961-இல் மினி கூப்பர் கொண்டுவந்தார். மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளும் மினிக்கே முதலிடம். 1966-இலும் முதல் மூன்று இடங்களில் வந்தது. ஆனால் முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பிரெஞ்சு காரான சிட்ரோயனுக்குப் பரிசு போனது. அந்தத் தீர்ப்பால் மினிக்குக் கிடைத்த விளம்பரம், ஜெயித்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

முப்பது பவுண்டு

இனி நான் சொல்ல வந்த விஷயம். போட்டியாளரான ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கியது. ஆணி ஆணியாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்துக்கும் செலவைப் போட்டுக் கூட்டிப் பார்த்தது. இந்த விலைக்கு விற்றால் ஒரு காருக்கு சுமார் 30 பவுண்டு நஷ்டம் என்று விடை வந்தது. பி.எம்.சி. இதை ஒப்புக்கொள்ளவில்லை.

யார் சொல்வது சரி? பி.காம். வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இரும்பு, ரப்பர், கூலி மட்டும் கணக்கிட்டால் லாபம் தெரியும். தொழிற்சாலைக் கட்டடம், இயந்திரத் தேய்மானம், அலுவலகச் சம்பளம் ஆகியவற்றின் பங்கையும் ஏற்றினால் நஷ்டம் தெரியும். நிறைய விற்றால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அடுத்த மாடலுக்கான பணம் எங்கிருந்து வரும்? முதல் 10 லட்சம் மினி 1965-இல் முடிந்தது. ஃபோர்டு கணக்கு சரியென்றால், அதற்குள் போனது 3 கோடி பவுண்டு.

நான் கடன் பிரிவில் இருந்தபோது இரும்பு பீரோ செய்யும் ஒருவர் வருவார். அவர் பீரோவை ஊரே புகழும். அவருடைய ஓவர்டிராஃப்ட் மட்டும் ஒவ்வொரு மாதமும் லிமிட்டை முட்டி நிற்கும். விலை எப்படி வைக்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டால், "எதிர்க் கடையைவிட நூறு ரூபா கம்மி சார்" என்பார். தனக்கு எவ்வளவு அடங்குகிறது என்று ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. கடைசியில் பட்டறை கைமாறியது. வாங்கியவர் அதே பீரோவை விலை ஏற்றி விற்றார், போணியானது. மினி கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

பி.எம்.சி.க்கும் அதுவே நடந்தது. 1968-இல் இணைப்பில் பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. புதிய நிர்வாகம் செலவைக் குறைக்கப் பார்த்தது. ஜான் கூப்பருக்குக் காருக்கு 2 பவுண்டு ராயல்டி போய்க்கொண்டிருந்தது. 1971-இல் அந்த ஒப்பந்தத்தை முடித்து, மவுசு இருந்த பெயரையே கைவிட்டார்கள். 1975-இல் அரசாங்கம் கம்பெனியை ஏற்க வேண்டியதாயிற்று. மினிக்கு மாற்றாக 1980-இல் மெட்ரோ வந்தது. மினியோ மெட்ரோவையும் கடந்து உயிரோடு இருந்தது. 2000 அக்டோபர் 4 அன்று லாங்பிரிட்ஜ் ஆலையில் கடைசிப் பழைய மினி வெளியேறியபோது மொத்த எண்ணிக்கை 53,87,862.

இதற்குள் கம்பெனி, ரோவர் என்ற பெயரில், 1994-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கைக்குப் போயிருந்தது. நஷ்டம் தாங்காமல் 2000-இல் லாங்பிரிட்ஜ் ஆலையோடு ரோவர் கார் தொழிலை அவர்கள் விற்றார்கள். விலை, பெயருக்கு 10 பவுண்டு! மினி என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. வணிகவியலில் இதற்கு 'நற்பெயர்' என்று தலைப்பு; குட்வில் என்போம். ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த நற்பெயரை அதன் ஐந்தொகையில் காட்ட முடியாது. நாற்பது ஆண்டுகள் மக்கள் வைத்த பிரியம் பிரிட்டிஷ் கம்பெனியின் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அதற்கு விலை உண்டு என்று ஜெர்மானியர்களுக்குத் தெரிந்திருந்தது. 2001 முதல் புதிய மினி ஆக்ஸ்ஃபோர்டு ஆலையிலிருந்து, நல்ல விலைக்கு விற்கிறது. லாங்பிரிட்ஜில் மிஞ்சிய கம்பெனி 2005-இல் மூடப்பட்டு சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த 30 பவுண்டை ஆரம்பத்திலேயே விலையில் ஏற்றியிருந்தாலும் ஜனங்கள் வாங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இசிகோனிஸுக்கு 1969-இல் சர் பட்டம் கிடைத்தது. 1988-இல் காலமானார். அவர் யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983-இல் வந்த மாருதி 800 முதல், நம் பார்க்கிங்கில் நிற்கும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டைத் திறந்து பாருங்கள். என்ஜின் குறுக்கேதான் இருக்கும், இழுப்பது முன்சக்கரம்தான். ஒரே வித்தியாசம், கியர்பாக்ஸ் கீழே இருக்காது, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தத் திருத்தம் இத்தாலியில் ஃபியட்டின் டான்டே ஜியாகோசா செய்தது. மினியின் கன்ட்ரிமேன் மாடலை 2013 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பி.எம்.டபிள்யூ ஆலையிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள் என்பதும் உபரித் தகவல்.

கேள்வி கேட்ட பையனிடம் மறுநாள் அவன் அப்பாவின் காரைத் திறந்து காட்டச் சொல்லி, என்ஜின் எந்தப் பக்கமாக இருக்கிறது பார் என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "குறுக்கே, தாத்தா" என்றான். "சரி, இதுக்கு எவ்வளவு அடங்கியிருக்கும்?" என்று கேட்டேன். ஓடிவிட்டான்.