டிரஸரின் பேனாவும் நோயாளியின் போர்வையும்

கெப்பாலா பத்தாஸில் இன்று அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. பக்கத்துப் பெர்த்தாமில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய மருத்துவக் கழகமும் இருக்கிறது. இவையெல்லாம் வருவதற்கு முன் இந்த வட்டாரத்துப் பால்மரத் தமிழருக்கு வைத்தியம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிதான்.

இந்த வட்டாரம் இருக்கும் செபராங் பிறைக்கு அப்போது புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்புக்காகத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலியாள் வேலைக்கு வராவிட்டால் சிறைக்கே போக நேரும். அந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. ஆனால் வேலை செய்த நாளுக்கே கூலி என்பது நிற்கவில்லை. காய்ச்சலில் உடம்பு நடுங்கினாலும் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரான டிரஸர் ஐயா ‘சீக்கு’ என்று எழுதினால்தான் லயத்து வீட்டில் படுக்கலாம். எழுதாவிட்டால் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். மருந்து கொடுக்கிற கையும் சம்பளத்தைத் தீர்மானிக்கிற கையும் ஒன்றாக இருந்தன. நள்ளிரவில் பிரசவத்துக்கு ஓடிவந்த நல்ல டிரஸர்களும் உண்டு. ஆனாலும் அவர்கள் தோட்டத்தின் ஆட்கள். அவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் 1965இல்தான் வந்தது.

பால்மரம் வெட்டிய என் பாட்டி, நோயைவிட ஆஸ்பத்திரிக்குத்தான் அதிகம் பயந்தார். பிள்ளை பெற்றுக் கிடந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் யாரோ போர்வையை விலக்கியதை, கிழவியான பிறகும் தலை குனிந்துதான் சொன்னார்.

நான் மிசியாக, அதாவது தாதியாக, பெண்கள் வார்டில் வேலை செய்தபோது அந்தப் பயத்தை மறுபடி பார்த்தேன். தோட்டத்திலிருந்து வந்த அம்மாக்கள் பெட்பேன் கேட்கக் கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சல் ஏறும். “அம்மா, திரையை இழுத்துட்டேன், யாரும் வரமாட்டாங்க. போர்வையை எடுக்கட்டுங்களா?” என்று கேட்டால், இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் தளரும். கேட்டுவிட்டுத் தொடுவதும் வைத்தியம்தான். நம் மூத்தவர்களுக்கு அது இரண்டு மூன்று தலைமுறை தாமதமாகக் கிடைத்தது.

இன்று வார்டில் நிற்கும் இளம் தாதியரே, அவசரத்திலும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வீட்டு முதியவரைச் சேர்க்கப் போகிறவர்களே, அவருக்கு எந்த மொழி புரியும், எதற்குக் கூசுவார் என்பதை முதல் நாளே மிசியிடம் சொல்லிவிடுங்கள்.